அஞ்சு சுத்து

வாங்க சார், வாங்க, இப்படி நிழலுக்கு வாங்க. படகு மேல ஏறி வர்றதுக்குள்ள அங்க நின்னீங்கன்னா தலை காஞ்சு போயிடும். லாக்குன்னா அப்படித்தான். கீழ் கேட்டைச் சாத்தணும், மேல் கேட்டுல இருக்கிற ஷட்டரைத் திறந்து தண்ணி விடணும், குழி ரொம்பணும், படகு அதோட சேர்ந்து மேல வரணும். அப்புறம்தான் அந்தப் பக்கக் கால்வாய்க்குப் போக முடியும். கீழ உப்புத் தண்ணி, மேல நல்ல தண்ணி, நடுவுல நாம. உக்காருங்க. அந்த பெஞ்சு சிமெண்ட்டு, சுடும். இந்தச் சாக்கைப் போட்டுக்கிட்டு உக்காருங்க.

பாத்ரூம் போறதுன்னா ஆம்பளைங்களுக்கு வலது பக்கம். தண்ணி வரும், சோப்பு இருக்கு, தாழ்ப்பாளும் விழும். மூணும் ஒண்ணா இருக்கிற இடம் இந்தக் கால்வாய்லயே இதுதான். ‘படகுப் பயணிகள் வசதி மையம்’னு போர்டு பாத்தீங்க இல்ல, அதுல வசதின்னு எழுதியிருக்கிறது என்னைத்தான். கழுவுறது நான், டீ போடுறது நான், செல்லுக்கு சார்ஜ் போடுறது நான், படகுல வந்த புள்ளைங்க வாந்தி எடுத்தா எலுமிச்சம்பழம் கொடுக்கிறதும் நான். பேரு பவளம். உங்க செல்லைக் கொடுங்க, சார்ஜ்ல போடுறேன். அட கொடுங்க சார், பறவைத் தீவுல கரண்டு கிடையாது. கை கழுவிட்டு வாங்க, போண்டா இப்பதான் எண்ணெயிலேருந்து எடுத்தேன். வாட்சைக் கழட்டிட்டுக் கழுவுங்க, அந்தக் குழாய் பீச்சி அடிக்கும். இங்க வையுங்க, நான் பாத்துக்கிறேன்.

இருங்க, இருங்க. சத்தம் கேக்குதா? ஷட்டர் சக்கரத்தைச் சுத்துறாரு. ஒரு சுத்துக்கு ஒரு கிறீச்சு. ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு.

அஞ்சு.

ம்... அவ்வளவுதானா? யோவ் லஸ்கரு! தண்ணி இரைச்சல்ல காது கேக்காதே, எப்படிக் கேக்கும். அக்கரையில நிக்கிறாரு பாருங்க, காக்கிச் சட்டை, தலையில துண்டு. அவருதான் லாக்கு லஸ்கரு, கன்னியப்பன். கேட்டைத் திறக்கிறது மூடுறது எல்லாம் அவரு பொறுப்பு. ஒண்ணுமில்ல சார், பழைய இரும்பு, சத்தம் போடும். நீங்க போண்டா சாப்பிடுங்க. சட்னி இன்னும் கொஞ்சம்?

பறவை பாக்க வந்திருக்கேன்னு சொன்னீங்க. சந்தோஷம். பறவை பாக்க வர்றவங்க கழுத்துல பைனாகுலர் தொங்கும். உங்க கக்கத்துல நாடா கட்டின ஃபைல் இருக்கு. அந்த நாரைங்களுக்கு ஏதாவது ஆர்டர் கொடுக்கப் போறீங்களோ என்னவோ. சிரிக்காதீங்க சார், போண்டா புரையேறிடும்.

சரி, நேராவே கேக்குறேன். நீங்க பெட்டிஷன் விசாரிக்க வந்த ஆபீசர்தானே? படகு ஓட்டுறானே தாசு, அவன் நேத்தே சொல்லிட்டான், ஆபீசரு பறவை பாக்குற மாதிரி வந்து லாக்கு ரொம்ப எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு வாட்சை வெச்சுப் பாக்கப் போறாருன்னு. லேட்டு ஆச்சுன்னா லஸ்கரை அறுபது மைலு தள்ளி ஏதோ பம்பு ஹவுசுக்கு மாத்திடுவாங்களாம். உண்மையா சார்? சொல்ல மாட்டீங்க, ரகசியம். பரவாயில்ல. நீங்க பறவை பாக்க வந்தவராவே இருங்க, நான் சும்மா பேசிக்கிட்டு இருக்கேன்.

அந்த ஃபைல்ல ரெண்டு பெட்டிஷன் இருக்கும். ஒண்ணு கையெழுத்து முத்து முத்தா இருக்கும். இன்னொண்ணு கோழி கிளறின மாதிரி இருக்கும். ரெண்டும் நான் போட்டதுதான்.

டீயைக் கீழ வையுங்க சார், சிந்துது. சொல்றேன்.

எனக்கும் அந்தாளுக்கும் ஆகாது. முதல்லயே சொல்லிடறேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த மையம் திறந்த முதல் நாளு. விடியறதுக்கு முன்ன வந்து பாத்ரூமை ப்ளீச்சிங் போட்டுத் தேச்சு, கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன். முதல் ஆளா வர்றாரு இவரு. வரட்டும், அரசாங்க ஊழியர், அரசாங்க பாத்ரூம், யாரு வேணாங்கிறா? ஆனா கால்வாய்ச் சேத்துல முழங்கால் வரைக்கும் இறங்கிட்டு அதே காலோட வர்றாரு சார்! நான் தேச்ச தரையில எட்டு தடம், இந்தா பெருசு. எனக்கு வந்துச்சே கோவம். ப்ளீச்சிங் பவுடர் டப்பாவை எடுத்து வாசல்ல குறுக்கால ஒரு கோடு போட்டேன். "உங்க லாக்கு அந்தப் பக்கம், என் மையம் இந்தப் பக்கம். சேத்துக்காலோட இந்தக் கோட்டைத் தாண்டினீங்க, அவ்வளவுதான்"னு சொன்னேன்.

சேத்துக்காலோடன்னுதான் சொன்னேன். கழுவிட்டு வாய்யான்னுதானே அதுக்கு அர்த்தம்? அந்தாளு அன்னிக்கு நின்னவரு நின்னவருதான். நானும் விடாம தினம் தரை கழுவினதும் கோட்டை மறுபடி போடுவேன், அவரும் மூணு வருஷமா கோட்டைத் தாண்டுறதில்ல. பக்கத்துல பாத்ரூம் வெச்சுக்கிட்டு அதோ அந்தப் பனந்தோப்புக்குப் போறாரு. டீ? வீட்டுலேருந்து சிவப்பு பிளாஸ்க்குல கொண்டாந்து குடிக்கிறாரு. எங்க கடை டீயைக் குடிக்கத் தீவுலேருந்து ஃபாரின்காரன் திரும்பி வர்றான், இருபதடி தள்ளி நிக்கிற ஆளு பிளாஸ்க்கைத் திறக்கிறாரு. எனக்கு எப்படி இருக்கும்? எனக்கென்ன, நான் பொதுவா சொல்றேன்.

தனி ஆளுதான் சார். கல்யாணம் கட்டலை. தங்கச்சிங்க நாலு பேரைக் கரையேத்துறதுக்குள்ள தலை நரைச்சிடுச்சாம். இடது தோள்ல வலி வேற. சக்கரம் சுத்தி முடிச்சதும் வலது கையால தோளைப் பிடிச்சு இப்படி ஒரு அமுக்கு அமுக்குவாரு. செவ்வாய்க்கிழமையானா அந்தப் பித்தான் இல்லாத சட்டை. நான் ஒண்ணும் பாக்குறதில்ல, நம்ம கடை இந்தப் பக்கம் பாத்து இருக்கு, கண்ணுல படுது. எனக்கும் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆச்சு. எனக்கு இந்தக் கடைதான். விடிஞ்சா இங்க, பொழுது சாஞ்சா வீடு. அந்த அடுப்பைப் பத்த வெச்சாத்தான் எனக்கு அன்னிக்கு நாளு விடிஞ்ச மாதிரி.

படகு கூரை தெரியுதா? தெரியுது. கூரைதான் தெரியுது. இன்னும் கைப்பிடிக் கம்பி தெரியணும், அப்புறம் பலகை தெரியணும். இன்னொரு டீ போடுறேன். அதெல்லாம் இல்ல, குடிக்கிறீங்க.

எங்க விட்டேன்? ஆங், சுத்து. மையம் திறக்கிறதுக்கு முன்ன பன்னெண்டு சுத்து சுத்துவாரு சார். பன்னெண்டு சுத்துனா ஷட்டர் முழுசாத் திறக்கும், குழி பத்து நிமிஷத்துல ரொம்பிடும். நான் கடை போட்ட கொஞ்ச நாள்லயே அது அஞ்சாயிடுச்சு. அஞ்சு சுத்துனா அரைமணி. உள்ள மாவு பிசைஞ்சுக்கிட்டே எண்ணுவேன், அஞ்சோட நின்னுடும். சரியான சோம்பேறின்னு நெனச்சேன். முதல் வருஷம் பொறுத்தேன், ரெண்டாவது வருஷம் பொறுத்தேன். இந்த வருஷம் மார்கழியில ஒரு குடும்பம் வந்துச்சு, அந்தம்மா என்னைப் பாத்து, "என்னம்மா உங்க ஊரு லாக்கு, ஆமை மாதிரி ஏறுது"ன்னுச்சு. என்னைப் பாத்து! நான் கட்டி வெச்ச பேரு என்ன, பாத்ரூம் என்ன, சட்னி என்ன, எல்லாத்தையும் இந்தாளு ஒருத்தரு கெடுக்கிறாரேன்னு பத்திக்கிட்டு வந்துச்சு.

அன்னிக்குப் படகுல ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வந்திருந்தாரு. டீ குடிச்சுக்கிட்டு இருந்தாரு. "அய்யா, ஒரு பெட்டிஷன் எழுதித் தருவீங்களா"ன்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதினாரு. மூணாவது டீயில முடிச்சாரு. ‘லாக்கு லஸ்கர் பத்து நிமிட வேலையை அரைமணி செய்கிறார். பயணிகள் அவதிப்படுகிறார்கள்’னு. அதோட நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? ‘மேலும் இவர் சேற்றுக்காலோடு நடமாடும் பழக்கம் உள்ளவர்’னு சேத்துக்கச் சொன்னேன். பேரு போடாம அனுப்பிச்சுட்டேன்.

தை பொறந்து, பொங்கல் முடிஞ்ச வாரம். மாவு பிசையறேன். கிறீச்சு, கிறீச்சு, கிறீச்சு... அஞ்சைத் தாண்டுது, எட்டைத் தாண்டுது, பன்னெண்டு! கையைத் தட்டினேன் சார், மாவுக் கையோட. பாத்தியா, பெட்டிஷன்னா பெட்டிஷன்தான்னு. பத்தே நிமிஷத்துல படகு மேல வந்துச்சு. கேட்டு திறந்துச்சு. படகு போயிடுச்சு.

போயிடுச்சு சார். ஒருத்தரும் இறங்கலை.

பத்து நிமிஷத்துக்கு யாரு இறங்குவா? ஏணியில ஏறி, கையைக் கழுவி, டீயைச் சொல்லி, அது ஆறி... படகுக்காரன் ஹாரன் அடிச்சுடறான். அடுத்த படகும் அப்படியே போச்சு. அன்னிக்கு அறுபது போண்டா போட்டேன், ரெண்டு போச்சு. அதுவும் தாசு தின்னது. மறுநாளும் அப்படி. அதுக்கு மறுநாளும் அப்படி. பாத்ரூம் தரை ஈரமே ஆகலை. நானே தேச்சு நானே பாத்துக்கிட்டு நிக்கிறேன். கழுவுறதுக்கு அழுக்கு இல்லாம அழுகை வந்த பொம்பளையை நீங்க பாத்திருக்கீங்களா? நான் அழுதேன். பதினோரு நாளு. பன்னெண்டாம் நாளு அடுப்பைப் பத்த வெக்கலாமா வேணாமான்னு தீப்பெட்டியைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

தாசுக்கிட்டப் புலம்பினேன். "இந்தக் காலத்து ஜனங்களுக்கு அவசரம்டா, டீ குடிக்கக்கூட நேரம் இல்ல"ன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். "அக்கா, நெசமாவே உனக்குத் தெரியாதா? மூணு வருஷமா உன் கடையில புகை வந்தா அந்தாளு அஞ்சு சுத்து, புகை வரலைன்னா பன்னெண்டு சுத்து. போன தையில உனக்குக் காய்ச்சல் வந்து மூணு நாளு வரலையே, அந்த மூணு நாளும் படகு சல்லுசல்லுனு போச்சு. படகுக்காரங்க அத்தனை பேருக்கும் தெரியும். உன் புகையைப் பாத்துட்டுத்தான் நாங்க ஹாரனே அடிக்கிறதில்ல"ன்னான்.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது சார். என் பொழைப்பையே அந்தாளு சக்கரத்துல வெச்சு சுத்திக்கிட்டு இருந்திருக்காரு, நான் ஹெட்மாஸ்டரை வெச்சு என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

எதுக்கு அப்படிப் பண்ணாருன்னு கேக்குறீங்களா? அது என்னமோ, அரசாங்க மையம் நல்லா நடக்கணும்னு ஒரு அக்கறை. பொறுப்பான ஊழியர். வேற என்ன இருக்கு? ஏன் சார் இப்படிச் சிரிக்கிறீங்க? போண்டா வாசனை பிடிச்சிருக்கலாம். காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது.

அய்யய்யோ. நான் பாட்டுக்கு ஒண்ணு சொல்ல வந்து ஒண்ணைச் சொல்லிட்டேனே. வேணும்னே லேட்டு பண்ணாருன்னு இப்ப நானே சொல்லிட்டேனா? சார், அதை எழுதாதீங்க. பேனாவை மூடுங்க சார். நீங்க பறவை பாக்க வந்தவரு, உங்களுக்கு எதுக்குப் பேனா?

கைப்பிடிக் கம்பி வந்துடுச்சு பாருங்க. இன்னும் கொஞ்சம்தான். இந்தாங்க, சுண்டல் சாப்பிடுங்க.

அன்னிக்கே எழுந்து போனேன். கீழ் கேட்டு மேல நடக்கிறதுக்கு ஒரு பலகை இருக்கே, ரெண்டடி அகலம், கீழ எட்டிப் பாத்தா தலை சுத்தும். மூணு வருஷத்துல நான் அதுல கால் வெச்சதில்ல. ஒரு கையில டீ, ஒரு கையில கம்பி. அக்கரைக்குப் போறதுக்குள்ள பாதி டீ கால்வாய்ல. பாதி டம்ளரை நீட்டி, "ஏன்யா, இப்ப என்ன திடீர்னு அவசரம்?"னேன். எழுந்து நின்னாரு சார். டீயை வாங்கலை, கையை வேட்டியில துடைச்சாரு, துடைச்சுக்கிட்டே இருந்தாரு. "மெமோ வந்திருக்கு பவளம்மா. யாரோ பெட்டிஷன் போட்டிருக்காங்க"ன்னாரு. "யாராம்?"னு கேட்டேன், எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி. சட்டைப் பையிலேருந்து ஒரு காப்பியை எடுத்து நீட்டினாரு. "எழுத்து யாரோடதோ தெரியலை. திட்டு உங்களோடது"ன்னாரு.

அந்தச் சேத்துக்கால் சார். அதுல மாட்டிக்கிட்டேன்.

பூமி பிளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துச்சு. திட்டுவாருன்னு பாத்தா, டீயை வாங்கிக் குடிக்கிறாரு. குடிச்சுட்டு, "இஞ்சி கொஞ்சம் தூக்கல்"ங்கிறாரு. மூணு வருஷம் கழிச்சு வாயில வெச்சு, அதுலயும் குத்தம்! "மறுபடி அஞ்சு சுத்துங்க"ன்னேன். "முடியாது, மெமோ இருக்கு. மாத்தணும்னா எழுத்து மூலமா வரணும்"னாரு. முகத்துல ஒரு சிரிப்பு இல்ல. கிண்டலா நெசமான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.

சரின்னு நானே எழுதினேன் சார். எட்டாம் கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன். ‘லாக்கில் தண்ணி மிக வேகமா வருது, படகு ஆடுது, கொளந்தைகள் பயப்படுது, பழையபடி மெதுவா விடணும்’னு. அதுதான் உங்க ரெண்டாவது பெட்டிஷன். அனுப்பிட்டேன்னு நான் சொன்ன மறுநாளே அவரு பழையபடி அஞ்சு சுத்துக்கு வந்துட்டாரு. ஒரே லாக்கு, ஒண்ணு ஆமைங்குது, இன்னொண்ணு குதிரைங்குது. உங்க ஆபீசுல மண்டையைப் பிச்சுக்கிட்டு இருப்பாங்க. அதான் உங்களை வாட்சைக் கட்டி அனுப்பியிருக்காங்க.

ஆனா சார், நான் மெதுவா விடுங்கன்னு எழுதினா, நீங்க அவரை பம்பு ஹவுசுக்கு மாத்துறதைப் பத்திப் பேசுறீங்க. அதுக்கா நான் எழுதினேன்? பம்பு ஹவுசுல என்ன சார் இருக்கு? மோட்டார் சத்தம் இருக்கும். பட்டனை அமுக்கணும், உக்காரணும். பேச்சுத் துணைக்கு ஆள் இருக்குமா? இங்க மட்டும் பேசினாரான்னு கேப்பீங்க. பேசலைதான். ஆனா ரெண்டு பேரு எதிரெதிரா இருந்தோம் இல்ல.

இன்னிக்குக் காலையிலயே பலகையில நடந்து போய்ச் சொல்லிட்டு வந்தேன். "ஆபீசரு வர்றாரு, இன்னிக்கு ஒருநாளு பன்னெண்டு சுத்திடுங்க, என் வியாபாரம் போனாப் போகுது"ன்னு. தலையைத் தலையை ஆட்டினாரு. அப்புறம் நான் வந்து அடுப்பைப் பத்த வெச்சேன், புகை போச்சு. நீங்கதான் கேட்டீங்களே, அஞ்சோட நிறுத்திட்டாரு! மெமோவாவது ஆர்டராவது. அந்தாளுக்கு இந்தப் புகைதான் மேலதிகாரி. நான் என்ன செய்யட்டும்? அவரு பாட்டுக்கு அஞ்சு சுத்திட்டாரு. அதான் உங்களைப் பிடிச்சு உக்கார வெச்சுப் பேசிக்கிட்டு இருக்கேன்.

படகுப் பலகை தெரிஞ்சுடுச்சு பாருங்க. தண்ணி சமமாயிடுச்சு. கேட்டைத் தள்ளுறாரு. இடது தோளைக் கொடுத்துத் தள்ளாதீங்கன்னு சொன்னாக் கேக்குறாரா!

இந்தாங்க உங்க வாட்சு. போண்டாத் தட்டுக்கு அடியில பத்திரமா வெச்சிருந்தேன். இந்தாங்க செல்லு. கீழ் கேட்டை எத்தனை மணிக்குச் சாத்தினாங்கன்னு குறிச்சு வெச்சீங்களா சார்? இல்லையா? அடடா. நானும் பாக்கலையே.

என்னைக் கேட்டா, ஒரு டீ குடிக்கிற நேரம்னு எழுதிக்கங்க. மூணு குடிச்சீங்க, எனக்கும் தெரியுது. எழுதுறப்போ ஒண்ணுன்னு எழுதுங்க சார்.

இல்ல, மாத்தித்தான் ஆகணும்னு மேலேருந்து சொல்லிட்டாங்கன்னா ஒண்ணு பண்ணுங்க. அந்த ஆர்டர்லயே என் கடையையும் சேத்து எழுதிடுங்க. பம்பு ஹவுசுல இருக்கிறவங்க மட்டும் டீ குடிக்காமலா இருப்பாங்க? அங்கயும் ஒரு பாத்ரூம் இருக்கும், அதை நான் கழுவிக்கிறேன். பொதுவா சொல்லலை சார். நெசமாத்தான் சொல்றேன். அந்தச் சக்கரச் சத்தம் கேக்காம எனக்கு மாவு பிசைய வராது.

ஹாரன் அடிக்கிறான் தாசு, போயிட்டு வாங்க. வரும்போதும் இறங்கணும், மீன் வறுத்து வெக்கிறேன்.

அங்க பாருங்களேன், பலகையில நடந்து இந்தப் பக்கம் வந்துட்டாரு. குழாய்ல கால் கழுவுறாரு. ரெண்டு காலும். விரல் இடுக்கெல்லாம் தேய்க்கிறாரு. நான் கோடு போடுறதை நிறுத்திப் பத்து நாளாச்சு, அது இருந்த இடத்துல வந்து அப்படியே நின்னுட்டாரு பாருங்க.

ஏங்க! உள்ள வாங்க, டீ ஆறுது.

உங்களை இல்ல சார். நீங்க படகுல ஏறுங்க.